சில்லறையில் அபூர்வ நாணயம் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைக்கு வரும் சில்லறையில் உண்மையிலேயே அபூர்வ நாணயம் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் வீடியோக்களில் காட்டுகிற வேகத்தில் கிடைக்காது. 1955-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாக விழுந்த ஒரு சென்ட் நாணயங்கள் 20,000-க்கும் மேல் வெளியே போய்விட்டன. அந்தக் காலத்தில் எந்திரத்தில் சிகரெட் பாக்கெட் 23 சென்ட். 25 சென்ட் போட்டால் மீதி 2 சென்ட் பாக்கெட்டின் கண்ணாடித்தாளுக்குள்ளேயே சொருகியிருக்கும். அப்படி வந்த சில்லறையில் பல நாணயங்கள் வெளிப்பட்டன. 2004-ல் டென்வரில் அடித்த விஸ்கான்சின் கால் டாலரில், சோளக்கதிரின் இடப்பக்கம் ஓர் இலை கூடுதலாக இருந்ததும் இப்படித்தான் சில்லறையில் தெரிய வந்தது.

இந்த நாணயங்கள் முதலில் எத்தனையோ பேர் கையைக் கடந்து போயிருக்கும். யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அதே சமயம், ஆயிரம் நாணயம் புரட்டியும் ஒன்றும் சிக்காத வாரங்கள் நிறைய வரும். அதற்கும் தயாராக இருங்கள்.

வெரைட்டி, எரர் என்று இரண்டு சொல் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

பேச்சில் இரண்டையும் கலந்தடிக்கிறார்கள். கொஞ்சம் கறாராகச் சொன்னால், வெரைட்டி என்பது அச்சிலேயே, அதாவது நாணயத்தில் படத்தைப் பதிக்கும் எஃகுத் துண்டிலேயே, இருக்கும் வேறுபாடு. அந்த அச்சால் அடித்த ஒவ்வொரு நாணயத்திலும் அது அப்படியே வரும். எரர் என்பது அந்த ஒரு நாணயம் அடிபடும்போது நேர்ந்த கோளாறு: படம் பதியவேண்டிய உலோக வில்லை நகர்ந்து படம் ஒரு பக்கமாக விழுவது, இடையில் கிரீஸ் அடைத்து எழுத்து மறைவது போன்றவை.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, நம் கைக்கு அதிகம் வருவது அதுதான்: நாணயச்சாலையை விட்டு வந்தபின் அடிபட்டு, தேய்ந்து, நசுங்கியது. அதற்கு முகமதிப்புக்கு மேல் ஒன்றும் கிடையாது. ஒரு விசித்திரத்தைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இது அச்சில் இருந்ததா, அடிக்கும்போது நேர்ந்ததா, அப்புறம் நேர்ந்ததா? கீழே வரும் பதில்கள் எல்லாமே சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கும்.

நாணயம் எப்படி அடிக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?

கொஞ்சமாவது தெரிந்தாக வேண்டும். பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

உலோகத் தகட்டிலிருந்து வட்டமான வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். ஒரு உருட்டு எந்திரம் அந்த வில்லையின் விளிம்பை அழுத்தி மேலெழுப்புகிறது. பிறகு வில்லை இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே போய், ஒரே அடியில் இரு பக்கமும் பதிந்து வெளியே விழுகிறது. அச்சில் படம் குழியாக, இடம் வலம் மாறி இருக்கும். சரி, அந்தக் குழி எப்படி வந்தது? படம் மேடாக உள்ள இன்னொரு எஃகுத் துண்டை வைத்து அழுத்தி உண்டாக்கியது. அதை இங்கே தாயச்சு என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் காலத்தில் தாயச்சை ஒரே முறை அழுத்தினால் படம் முழுதாக இறங்காது. அழுத்தம் பட்ட எஃகு இறுகிப்போகும். அதைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி அதே இடத்தில் பொருத்தி அழுத்துவார்கள். இந்த இரண்டாவது பொருத்தம் ஒரு துளி திரும்பிவிட்டால் அச்சில் எழுத்து இரண்டாகப் பதியும். 1955-ல் நடந்தது இதுதான். பின்னாளில் ஒரே அழுத்தில் அச்சு செய்யும் முறை வந்த பிறகும் இரட்டிப்பு அடியோடு ஒழியவில்லை. ஆனால் மிகச் சிறியதாகிவிட்டது, பெரும்பாலும் நாணயத்தின் நடுப்பகுதியில்தான் தென்படும். புதிய நாணயத்தில் விளிம்பு எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டு வைப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதைக் காட்டும் குறியையும் அமெரிக்காவில் 1990 வாக்கு வரை ஒவ்வோர் அச்சிலும் கையால்தான் குத்தினார்கள். சுத்தியல் அடி கோணலாக விழுந்தால் மறுபடி குத்துவார்கள். டென்வரின் குறியான ‘டி’ எழுத்துக்குப் பின்னால் இன்னொரு ‘டி’ எட்டிப் பார்ப்பது அதனால்தான். அந்த ஆண்டுகளுக்குப் பிந்திய சென்ட்டில் இப்படி ஒன்று தெரிந்தால் நம்புவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

என் நாணயத்தில் ஆண்டும் எழுத்தும் இரட்டையாகத் தெரிகின்றன. இரட்டை அச்சுதானே?

பெரும்பாலும் இல்லை. அதிகம் ஏமாறும் இடம் இது, நானும் ஏமாந்திருக்கிறேன். தொடங்கிய புதிதில் ஒரு சென்ட்டில் ஆண்டெண் இரட்டையாகத் தெரிந்ததும் அதைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் வைத்து மூன்று வாரம் யார் கண்ணிலும் காட்டவில்லை. கடைசியில் விவரம் தெரிந்த ஒருவரிடம் நீட்டினேன். அவர் லூப் என்கிற சிறு பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. வெளிச்சத்தில் ஒரு சாய்ப்புச் சாய்த்துவிட்டு, “எந்திர இரட்டிப்பு. செலவு பண்ணிடுங்க” என்றார்.

அவர் பார்த்தது இதைத்தான். அடி விழுந்த அதே கணத்தில் அச்சு லேசாக ஆட்டம் கண்டிருந்தால், அது நாணயத்தில் ஏற்கெனவே எழும்பிய எழுத்தின் ஓரத்தை வழித்து நசுக்கிவிடும். அப்போது எழுத்துக்குப் பக்கத்தில் தட்டையான, பளபளக்கும் ஒரு படி உண்டாகும். வீட்டுச் சுவரில் பதித்த அலமாரிப் பலகை போல இருக்கும். அந்தப் படி எழுத்தின் உடம்பிலிருந்தே எடுக்கப்பட்டது, ஆகவே எழுத்து ஒல்லியாகிவிடும்.

அச்சே இரட்டையாக இருந்தால் எழுத்து பருத்துத் தெரியும். இரண்டாவது உருவமும் முதல் உருவத்தைப் போலவே வளைவாக, உருண்டு, தளத்திலிருந்து எழும்பி நிற்கும். எழுத்தின் கால் நுனி பாம்பின் நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். இரண்டு உருவத்துக்கும் நடுவே மெல்லிய கீற்று ஒன்று ஓடும். லூப்பில் முதலில் அந்தப் பிளவைத் தேடுங்கள்.

மூன்றாவதாக, அச்சு பல லட்சம் அடி வாங்கித் தேய்ந்துபோனாலும் எழுத்துகள் வீங்கி நிழல் விழுந்தது போலத் தெரியும். 1955 சென்ட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அந்த ஆண்டின் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரியும் சென்ட்டுகள் ஏராளம், அதை ஏழையின் இரட்டை அச்சு என்றே கேலியாகச் சொல்வார்கள். தேய்ந்த அச்சின் வேலை அது. உண்மையான 1955-ல் ஆண்டு, ‘லிபர்ட்டி’, மேலே உள்ள வாசகம் எல்லாமே வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும், லிங்கன் முகம் மட்டும் தெளிவாக இருக்கும். பின்பக்கத்திலும் ஓர் அடையாளம் உண்டு: ‘சென்ட்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தான ‘டி’யின் தண்டுக்கு இடப்பக்கம் மெல்லிய நெடுங்கோடுகள் இருக்கும். போலி செய்பவர்கள் தடுக்கி விழும் இடங்களில் அதுவும் ஒன்று.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

10 மடங்கு பெருக்கும் ஒரு லூப், ஆட்டி அசைக்கக்கூடிய ஒரு மேசைவிளக்கு, 0.01 கிராம் காட்டும் சிறு தராசு, ஒரு காந்தம். இவ்வளவு போதும். மைக்ரோஸ்கோப் வாங்க அவசரப்பட வேண்டாம். பெருக்கம் கூடக் கூட ஒவ்வொரு கீறலும் அதிசயமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். 10 மடங்கில் தெரியாத இரட்டிப்பை வாங்கவும் பெரும்பாலும் ஆள் கிடையாது.

வெளிச்சம்தான் முக்கியம். விளக்கு ஓரிடத்தில் இருக்கட்டும், நாணயத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் மட்டும் தெரிந்து, மறு கோணத்தில் மாயமாகும் ‘இரட்டிப்பு’ வெறும் பிரதிபலிப்பாகத்தான் இருக்கும். லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நாணயத்தை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். நாணயத்தின் மேல் லூப்பை வைத்துக்கொண்டு தலையைத் தூர நீட்டிப் பார்ப்பவர்களுக்குப் பாதிகூடத் தெரியாது.

எல்லா நாணயத்தையும் எதற்காகப் பார்ப்பது? எங்கிருந்து தொடங்க?

எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். உங்கள் கைக்கு அதிகம் வரும் ஒரே ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சாதாரண முகம் கண்ணை மூடினாலும் தெரிகிற அளவுக்குப் பழகுங்கள். அப்புறம் வேறுபாடு தானாக உறுத்தும்.

அமெரிக்க ஒரு சென்ட்டையே எடுத்துக்கொண்டால், 1982 ஒரு ஆண்டே ஒரு மாதப் பயிற்சிக்குப் போதும். அந்த ஆண்டு நடுவில் உலோகம் மாறியது. 95 விழுக்காடு செம்பு கொண்ட பழைய சென்ட் சுமார் 3.11 கிராம், செம்புப் பூச்சு போட்ட துத்தநாகச் சென்ட் 2.5 கிராம். கூடவே ஆண்டெண்ணும் பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று. நாணயச்சாலைக் குறியையும் சேர்த்தால் புழக்கத்துக்கு வந்தவை ஏழு வகை. டென்வர் குறி, சிறிய எண், செம்பு உலோகம் என்ற சேர்க்கை மட்டும் வந்திருக்கவே கூடாது. ஆனாலும் 2016-ல் அப்படி ஒன்று அகப்பட்டது. தராசில் வைத்தவருக்குத்தான் அது அகப்பட்டிருக்க முடியும், ஏனென்றால் கண்ணால் பார்த்தால் வித்தியாசமே இல்லை. தராசு இல்லாவிட்டால் மரப்பலகையில் போட்டுப் பாருங்கள்: செம்பு கணீரென்று ஒலிக்கும், துத்தநாகம் தொப்பென்று விழும்.

கண்ணுக்குப் பயிற்சி வேண்டுமா? 1998, 1999, 2000 ஆண்டுச் சென்ட்டுகளின் பின்பக்கத்தில் ‘அமெரிக்கா’ என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளான ஏ, எம் அடிப்பாகத்தில் கிட்டத்தட்ட ஒட்டியிருக்கும். சில நாணயங்களில் மட்டும் நடுவே தெளிவான இடைவெளி. சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடிக்கும் பளபளப்பு நாணயத்துக்குரிய அச்சு, புழக்க நாணயத்தில் மாட்டிக்கொண்டதால் வந்தது அது. ஒரு மயிரிழைதான். பழகிய கண்ணுக்கு இரண்டு நொடியில் தெரிந்துவிடும்.

ஆண்டே இல்லாத நாணயம் கிடைத்தால்?

முதலில் தேய்ந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அந்த நாட்டு நாணயத்தில் ஆண்டு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பாருங்கள். 2008-ல் பிரிட்டனின் 20 பென்ஸ் நாணயம் புது வடிவம் பெற்றபோது ஆண்டெண்ணைப் பின்பக்கத்திலிருந்து ராணியின் தலைப் பக்கத்துக்கு மாற்றினார்கள். பழைய தலைப் பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் தவறுதலாக ஜோடி சேர்ந்துவிட, இரு பக்கமும் ஆண்டு இல்லாத நாணயம் பிறந்தது. சேரக்கூடாத இரு பக்கங்கள் சேர்ந்த இதைக் கோவேறு கழுதை என்ற பொருளில் மியூல் என்பார்கள். 2000-ல் ஆஸ்திரேலியாவிலும் ஒரு டாலர் நாணயத்துக்குப் பத்து சென்ட்டின் தலைப் பக்க அச்சு மாட்டிக்கொண்டது. பத்து சென்ட் அளவில் சற்றுச் சிறியது. அதனால் டாலரின் தலைப் பக்கத்தில் விளிம்பு இரட்டை வளையமாகத் தெரியும்.

பிரிட்டனின் 2 பென்ஸில் ‘நியூ பென்ஸ்’ என்று இருக்கிறது. அது அபூர்வமா?

ஆண்டு என்ன? 1971 முதல் 1981 வரை எல்லா 2 பென்ஸிலும் ‘நியூ பென்ஸ்’ என்றுதான் இருந்தது, கோடிக்கணக்கில் அடித்தார்கள். 1982-ல் அது ‘டூ பென்ஸ்’ ஆனது. 1983 ஆண்டிட்ட நாணயத்தில் பழைய ‘நியூ பென்ஸ்’ இருந்தால்தான் விசேஷம், அவையும் சேகரிப்பாளர் தொகுப்புகளில் வந்தவை. செய்தியில் பாதியை மட்டும் படித்துவிட்டு 1971 நாணயத்தை விற்க வருபவர்கள் இன்றும் ஓயவில்லை.

ஓரத்தில் கடித்தது போல ஒரு துண்டு இல்லை. எரரா, யாராவது வெட்டினார்களா?

எதிர்ப்பக்கத்து விளிம்பைப் பாருங்கள், அதுவே பதில் சொல்லிவிடும். தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் கத்தி விழுந்தால் பிறை வடிவில் ஒரு குறை உண்டாகும். இந்த வில்லை விளிம்பு எழுப்பும் உருட்டு எந்திரத்துக்குப் போகும்போது, குறையுள்ள பக்கம் அழுத்தம் வாங்காது. அதனால் அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் எழும்பாமல் மங்கிப்போகும். குறையை ஒட்டிய எழுத்துகளும் வெட்டுப்பட்டது போலத் தெரியாமல், அந்தப் பள்ளத்தை நோக்கி லேசாக இழுபட்டு வழிந்திருக்கும். எதிர் விளிம்பு கச்சிதமாக இருந்து, வெட்டு மட்டும் கூர்மையாக இருந்தால் யாரோ அரம் போட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாக் குறைக்கும் இந்த அடையாளம் அழுத்தமாகத் தெரியும் என்றில்லை. ஆனால் பெரிய குறைகளில் ஏமாற்றாது.

இன்னும் சில அன்றாட ஏமாற்றங்கள். எழுத்துகள் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருந்தால், இரண்டு நாணயங்களை இடுக்கியில் வைத்து நசுக்கியிருக்கலாம். துத்தநாகச் சென்ட்டில் தெரியும் கொப்புளம் பூச்சுக்கு அடியில் சிக்கிய காற்று. விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு நாணயம் சிறுத்திருந்தால், துணி உலர்த்தும் எந்திரத்துக்குள் நீண்ட நாள் சுற்றியிருக்கும்.

இரு பக்கமும் தலை. இது என்ன?

மேஜிக் செய்பவரின் நாணயம். ஒன்றைக் குடைந்து, இன்னொன்றைச் சீவி உள்ளே பொருத்தியது. விளிம்பின் உள்வட்டத்தை லூப்பில் சுற்றிப் பாருங்கள், பொருத்துக் கோடு தெரியும். கீழே போட்டால் சத்தமும் மட்டமாக இருக்கும்.

திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக இருக்கிறதே?

நாட்டைப் பொறுத்தது. நாணயத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விரல்களால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். பிரிட்டன், இந்தியா, யூரோ நாணயங்களில் பின்பக்கம் நேராக நிற்கும். அமெரிக்க நாணயத்தில் தலைகீழாக நிற்பதுதான் முறை. இரண்டுக்கும் நடுவே சாய்ந்து நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது. ஐந்தாறு பாகை சாய்வை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், 90 பாகை போல நன்றாகத் திரும்பியிருந்தால் எடுத்து வையுங்கள்.

காந்தம் எதற்கு?

உலோகம் மாறிய ஆண்டுகளுக்கு. அமெரிக்காவில் 1943-ல் போர்க்காலச் செம்புத் தட்டுப்பாட்டால் சென்ட்டை எஃகில் அடித்தார்கள். தப்பித் தவறிச் செம்பு வில்லையில் அடிபட்ட சிலதான் பிரசித்தம். செம்பு நிறத்தில் ஒரு 1943 சென்ட் கிடைத்து, அது காந்தத்தில் ஒட்டினால் எஃகின் மேல் செம்புப் பூச்சு. கதை முடிந்தது. ஒட்டாவிட்டாலும் ஆடிவிட வேண்டாம்: 1948-ன் எட்டைப் பாதி சீவி மூன்றாக்கிய போலிகள் நிறைய, அவையும் காந்தத்தில் ஒட்டாது. பிரிட்டனில் 1 பென்ஸும் 2 பென்ஸும் 1992-லிருந்து எஃகுக்கு மாறின. 1998-ல் மட்டும் 2 பென்ஸ் இரண்டு உலோகத்திலும் வந்தது.

குறைவாக அடித்த நாணயமும் வெரைட்டிதானா?

இல்லை, அது வேறு வகை. லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துப் பகோடா கோபுரம் பொறித்த பிரிட்டனின் 2009 ஐம்பது பென்ஸ் 2,10,000 மட்டுமே அடிக்கப்பட்டது. 2023-ன் சால்மன் மீன் ஐம்பது பென்ஸ் அதைவிடக் குறைவு, 2,00,000. இதற்கு லூப்பே வேண்டாம், படம் தெரிந்தால் போதும். தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், கண் வலிக்காது.

இந்திய நாணயங்களின் ஆண்டெண்ணுக்குக் கீழே உள்ள குறிகளையும் சிலர் அபூர்வம் என்று எண்ணிவிடுகிறார்கள். வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. எங்கே அடித்தது என்பதற்கான அடையாளம், அவ்வளவே. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒரு நாணயச்சாலை மட்டும் குறைவாக அடித்திருக்கலாம் என்பதால் குறியைப் பார்க்காமலும் விடக்கூடாது.

அழுக்காக இருக்கிறது. கழுவலாமா?

வேண்டாம். புளி, எலுமிச்சை, பற்பசை, பல் துலக்கும் பிரஷ் எதுவும் வேண்டாம். அடிபட்டபோது உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடிய தடங்கள்தான் புது நாணயத்தின் மினுமினுப்பு. தேய்த்தால் அந்தத் தடம் போய்விடும், திரும்ப வராது. தேய்த்த நாணயம் பளபளக்கும், ஆனால் உயிரில்லாத பளபளப்பு. வாங்குபவர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊற வைத்து, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுங்கள். எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். மெத்தென்ற பிவிசி உறையில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும், மைலார் என்ற தெளிந்த பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த அட்டை உறைதான் நல்லது.

இணையத்தில் இதே நாணயத்துக்குப் பெரிய விலை போட்டிருக்கிறார்களே?

யாரும் என்ன விலையும் கேட்கலாம். விற்று முடிந்த விலைகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், மயக்கம் தெளியும். நாணயச்சாலைக் குறியை மறுபடி குத்திய வகைகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தேடுவோர் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அபூர்வமாக இருந்தால் மட்டும் போதாது, அதை விரும்புபவரும் வேண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டுக்கு மவுசு அதிகம் என்பதற்குக் காரணம் இதுதான்.

சான்றிதழ் வாங்க அனுப்ப வேண்டுமா?

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் தரம் போட்டு, உறையிட்டுத் தருகின்றன. கட்டணம், அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்த்தால் சாதாரண வெரைட்டிக்கு நட்டம்தான். முதலில் அசல் என்று உறுதியான நாணயத்தின் படத்தோடு நீங்களே ஒப்பிடுங்கள். இரட்டிப்பு மட்டும் பொருந்தினால் போதாது, அந்த அச்சுக்கே உரிய கீறல், வெடிப்பு, குறியின் நிலை எல்லாம் பொருந்த வேண்டும். எல்லாம் பொருந்தி, போலி அதிகம் உலவும் நாணயமாகவும் இருந்தால் அனுப்பலாம். 1969-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் அடித்த இரட்டை அச்சுச் சென்ட்டை முதலில் அமெரிக்க அரசின் ரகசியப் பிரிவே போலி என்று பறிமுதல் செய்தது, பிறகுதான் அசல் என்று தெரிந்தது. அதிகாரிகளுக்கே அந்த நிலை.

பார்த்து முடித்த நாணயங்களை என்ன செய்வது?

செலவு செய்யுங்கள், அல்லது வங்கியில் கட்டுங்கள். ஆனால் காகிதத்தில் சுற்றிய சுருளாக வாங்கிய அதே வங்கியில் கொட்டாதீர்கள், அடுத்த வாரம் அதே சில்லறை உங்களிடமே திரும்பி வந்து நிற்கும். நான் பார்த்து முடித்த சுருளின் மேல் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிடுவேன். ஒருமுறை அந்தப் புள்ளியோடு ஒரு சுருள் திரும்பி வந்தது. பிரிக்காமலே செலவு செய்துவிட்டேன்.